கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலைக்கு, கொள்முதல் எடை முதல் விவசாயிகளின் மாதாந்திரப் பட்டுவாடா வரை ஒரே மென்பொருளாகச் செய்து கொடுத்திருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. கடந்த ஆறு மாதமாகப் புகார் எதுவும் வரவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. மாற்றம் தேவை என்பதை எப்படி அறிவது, தேவை என்றால் எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

புகார் வரவில்லை என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். முதல் ஆண்டில் தினமும் தொலைபேசியில் அழைத்தவர்கள் இப்போது அழைக்கவில்லை என்றால், ஒன்று எல்லாம் சரியாக ஓடுகிறது. அல்லது உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். இந்த மலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கணக்குக்கு மென்பொருள் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் அதிகம் கண்டது இரண்டாவதைத்தான். அவர்கள் செய்துகொண்ட வழி எங்காவது எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் கணினிக்குப் பக்கத்தில், நீள வாக்கில் மடித்த ஒரு நோட்டில்.

அந்த நோட்டை நான் முதன்முதலில் பார்த்த கதையைச் சொல்கிறேன். குன்னூருக்குக் கீழே ஒரு தொழிற்சாலைக்கு நான் செய்து கொடுத்த மென்பொருள் ஒன்றரை ஆண்டாக ஓடிக்கொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த நவம்பர் மாதம். உரிமையாளர் என்னை அழைத்து, இலைக்கு ஏற்ற தூள் வரவில்லை என்றார். வழக்கமாக நான்கே கால் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். அதாவது நூற்றுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு. அந்த மாதம் இருபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. பச்சை இலையின் ஈரத்தைக் குறைக்கும் வாட்டும் தொட்டியைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் மேல் அவருக்குச் சந்தேகம். அறிக்கை என் மென்பொருளில் இருந்து வந்தது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை.

வேறு வழியில்லாமல் ஒரு மாலை கொள்முதல் மையத்துக்கே போய் உட்கார்ந்தேன். தகரக் கூரை, ஒரு மின்னணுத் தராசு, மழைக்கு ஒதுங்கி நிற்கும் இருபது பேர். இலை மூட்டை தராசில் ஏறியது. முப்பத்தெட்டு கிலோ காட்டியது. எடை போடும் அக்கா மூட்டையின் வாயைத் திறந்து உள்ளே கையை விட்டு ஒரு பிடி இலையை அழுத்திப் பார்த்தார். விரல்களுக்கிடையே தண்ணீர் வழிந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினார்: “38, சாக்கு 1, ஈரம் 3.” பிறகு கணினிப் பக்கம் திரும்பி 34 என்று மட்டும் தட்டினார். நான் கொடுத்திருந்தது ஒரே ஒரு கட்டம்தானே? நிகர எடை. அதற்கு முன்னால் நடந்த கழித்தல் முழுவதும் அவர் விரலிலும் பென்சிலிலும் நடந்தது.

மறுநாள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு மையத்துக்குப் போனேன். அதே மழை, அதே ஈரம். அங்கே ஈரத்துக்கு ஒரு கிலோதான் கழித்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எடை போட்டவர் சாலையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். வேறொரு தொழிற்சாலையின் இலை ஏஜெண்டுடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. இங்கே மூன்று கழித்தால் விவசாயி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த வண்டிக்குப் போய்விடுவார். உரிமையாளருக்குத் தெரியாமல், ஆனால் அவர் நன்மைக்காகவே, ஒரு வியாபார முடிவு அந்த மேசையில் தினமும் எடுக்கப்பட்டு வந்தது. இலையோடு தண்ணீரையும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாட்டும் தொட்டிக்காரர் மேல் தவறே இல்லை.

இதன் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்குப் பத்தாயிரம் கிலோ இலை வாங்கும் இடத்தில் ஈரக் கழிவு நூற்றுக்கு இரண்டு குறைந்தால், இருநூறு கிலோ இலைக்கு வீணாகப் பணம் போகிறது. தூளாகப் பார்த்தால் நாளுக்கு நாற்பத்தாறு கிலோ. மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்றால் 1,150 கிலோ. நான் செய்த மாற்றம் என்ன? ஒரு கட்டத்தை மூன்றாக்கினேன்: தராசு எடை, சாக்கு, ஈரம். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாள் வேலை தேவை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காராததுதான் காரணம்.

ஆகவே முதல் பதில் இதுதான். மாற்றம் தேவை என்பது மென்பொருளுக்குள் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே மென்பொருளுக்கு வெளியே தெரிந்துவிடும். நோட்டு ஓர் அடையாளம். சுவரில் ஒட்டிய துண்டுச் சீட்டு இன்னொன்று. அறிக்கையை அச்செடுத்து, அதன் ஓரத்தில் பேனாவால் எண்களுக்கென்று ஒரு பத்தியைச் சேர்த்த பிறகே உரிமையாளர் மேசைக்கு அனுப்புகிறார்களா என்று பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் யாராவது இரவு ஒன்பது வரை உட்காருகிறார்களா என்று கேளுங்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் பட்டுவாடா தள்ளிப்போகிறது என்றால், மென்பொருளில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று அவர் தலைக்குள் இருக்கிறது.

நேரில் போக முடியாத நாளில் தரவையே படிக்கலாம். நான் எப்போதும் முதலில் பார்ப்பது “இதர” என்ற தலைப்பை. இதரப் பிடித்தம், இதர வரவு. முதல் ஆண்டில் அது மொத்தத்தில் சொற்பமாக இருக்கும். பிறகு உரத்துக்குக் கொடுத்த முன்பணம், கவாத்துக் கூலிக்கு (செடியை வெட்டிவிடும் கூலிக்கு) கொடுத்த கடன், வண்டி வாடகை, கோயில் திருவிழா நன்கொடை எல்லாம் அதற்குள் வந்து குடியேறும். “இதர” வீங்குகிறது என்றால், வியாபாரத்தில் ஒரு புதிய வழக்கம் பிறந்திருக்கிறது, அதற்கு நீங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை என்று பொருள். அடுத்து, கட்டங்களைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கும் இடங்கள். ஒரு தொழிற்சாலையில் விவசாயியின் முகவரிக் கட்டத்தில் “தம்பி பெயரில் பாதி” என்று எழுதியிருந்தது. அப்படி நாற்பதுக்கு மேல் பதிவுகள். அப்பா காலமான பிறகு தோட்டம் இரண்டு மகன்களுக்குப் பிரிந்திருக்கிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில். இலை ஒரே எண்ணில் வருகிறது. பணம் மட்டும் இரண்டாகப் போக வேண்டும். என் வடிவமைப்பில் ஒரு விவசாயிக்கு ஒரு வங்கிக் கணக்குதான். முகவரிக் கட்டத்தில் எழுதியவர் விதியை மீறவில்லை. எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்; நான்தான் படிக்கவில்லை.

நோட்டைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதை வைத்திருப்பவருக்கு அது குற்றம் போலத் தோன்றும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கணினி வைத்த பிறகும் பென்சிலில் எழுதுகிறாயா என்று முதலாளி கேட்டுவிடுவாரோ என்ற பயம். நோட்டில் இருப்பதெல்லாம் கணினிக்குள் போய்விட்டால் தன் வேலை என்னாகும் என்ற பயமும் உண்டு. அந்த அக்கா நோட்டை முதலில் என்னிடம் தரவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டார். நான் செய்ததில் குறை இருப்பதால்தான் நீங்கள் எழுத வேண்டியிருக்கிறது, எந்தப் பத்தியை நான் விட்டுவிட்டேன் என்று மட்டும் காட்டுங்கள் என்று சொன்ன பிறகே திறந்தார். திறந்த பிறகு அரை மணி நேரம் பேசினார். உரிமையாளரோடு நடத்திய ஆறு கூட்டங்களில் கிடைக்காதது அந்த அரை மணியில் கிடைத்தது.

வெளியிலிருந்து வரும் மாற்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாட்காட்டியில் குறித்து வைத்தால் போதும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தது. சரக்கை வண்டியில் அனுப்ப வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் மாநிலங்களுக்கு இடையே 2018 ஏப்ரல் 1 அன்றும், தமிழ்நாட்டுக்குள் அதே ஆண்டு ஜூன் 2 அன்றும் வந்தது. மின்னணு விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் தொடங்கி, 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்தப் படிக்கட்டு எல்லோர் கண்ணெதிரிலும் இறங்கி வந்தது. அப்படியிருந்தும் கடைசி வாரத்தில் ஓடி வந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. உங்கள் கொள்முதல் மையங்களில் எந்தக் கணினி இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலையின் சராசரி விலையை நிரல் வரிகளுக்குள் எண்ணாக எழுதி வைத்திருந்தால், அதை வெளியே எடுத்துத் திரையில் மாற்றக்கூடியதாகச் செய்யுங்கள். இதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நிரலுக்குள் தெரியும் அடையாளம் வேறு வகை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மேனி லேமன், 1974-இலேயே இரண்டு விதிகளைச் சொன்னார். நடைமுறை வாழ்க்கையில் பயன்படும் மென்பொருள் தொடர்ந்து மாற வேண்டும், இல்லையென்றால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். மாறிக்கொண்டே போனால் அதன் சிக்கல் ஏறிக்கொண்டே போகும், அதைக் குறைப்பதற்கென்று தனியாக உழைத்தால் ஒழிய. இரண்டாவது விதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். இதை விளக்க நமக்கு வேறெங்கும் போக வேண்டாம். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். பறிக்கும் உயரத்தில் கொழுந்து தளிர்க்க வேண்டும் என்பதற்காகவே நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்கிறோம். கவாத்து செய்த செடியில் சில மாதம் வருமானம் இருக்காது. அது தெரிந்தே செய்கிறோம். தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், பகுதி பகுதியாகச் செய்கிறோம்.

உங்கள் நிரலுக்குக் கவாத்துப் பருவம் வந்துவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய அளவு இருக்கிறது. ஒரே அளவுள்ள சின்ன மாற்றத்துக்கு முதல் ஆண்டில் எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை நாள் ஆகிறது என்று உங்கள் பழைய குறிப்புகளைத் தேடிப் பாருங்கள். அறிக்கையில் ஒரு பத்தி சேர்க்க முதலில் அரை நாள். இப்போது ஒரு வாரம் என்றால் விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று பயம். “பட்டுவாடா கணக்கிடும் பகுதியை மட்டும் தொடாதே” என்று உங்கள் குழுவில் யாராவது சொல்கிறார்களா? தொடக்கூடாத இடம் ஒன்று உருவாகிவிட்டால், அதைச் சுற்றி எல்லோரும் ஒட்டுப்போடத் தொடங்குவார்கள். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் இதைக் கடனோடு ஒப்பிட்டார்: இன்றைக்கு அவசரத்தில் எழுதியதற்கு நாளைக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் வட்டி கட்டுகிறோம். வட்டி கட்டவே நேரம் போதவில்லை என்ற நிலை வருவதற்கு முன்பே அசலைக் கொஞ்சமாவது அடைக்க வேண்டும்.

கேட்கப்படுவதெல்லாம் தேவை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. உரிமையாளர் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்து, விவசாயிகளுக்குக் கைப்பேசிச் செயலி வேண்டும் என்று சொல்வார். அப்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது இல்லாததால் நேற்று நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? தேவை உண்மையாக இருந்தால் உடனே பதில் வரும். ஒரு நோட்டு, ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு ஆள் நடை, ஏதோ ஒன்று வெளிவரும். பதில் வரவில்லை என்றால் ஆசைதான். ஒரு இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வந்தது: மாதக் கடைசியில் விவசாயிகள் அலுவலகத்துக்கு வந்து, என் எடையைக் குறைத்துவிட்டீர்கள் என்று சண்டை போடுகிறார்கள், இரண்டு நாள் அதிலேயே போகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது செயலி இல்லை. இலை கொடுத்த அந்த நிமிடமே, தராசு எடை எவ்வளவு, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு என்று தமிழில் அச்சடித்த ஒரு சீட்டு. கையடக்க அச்சு இயந்திரம் ஒன்றை வைத்தோம். அந்தப் பள்ளத்தாக்கில் பாதி இடத்தில் சிக்னலே கிடைக்காது. மழையில் சில்வர் ஓக் மரம் கம்பியில் விழுந்தால் மின்சாரமும் இருக்காது. பேட்டரியில் ஓடும் சின்ன இயந்திரம் அங்கே சரியாக இருந்தது. சீட்டு கைக்கு வந்த பிறகு, கழிவு அதிகம் என்று தோன்றினால் தராசுக்கு முன்னாலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். மாதக் கடைசிச் சண்டை அடங்கியது.

சரி, எல்லாவற்றையும் புதிதாக எழுதலாமா? வேண்டாம் என்பதே என் பதில். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இணைய உலாவி செய்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். 1997-இல் அவர்களுடைய நான்காம் பதிப்பு வந்தது. அடுத்து பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத முடிவு செய்தார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. அந்த மூன்று ஆண்டில் உலாவிச் சந்தை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே தாங்காத இடைவெளியை மூன்று பேர் கொண்ட குழு எப்படித் தாங்கும்? அதுவுமில்லாமல், உங்கள் நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு விவசாயியின் சண்டையோ ஒரு தணிக்கையாளரின் கேள்வியோ இருக்கும். புதிதாக எழுதினால் அவை எல்லாவற்றையும் மறுபடியும் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டிவரும்.

மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் ஒரு வழி சொன்னார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டில் அவர் பார்த்த அத்தி இன மரத்திலிருந்து வந்த யோசனை. நம் மலையடிவாரக் காட்டிலும் அந்த இன மரங்கள் உண்டு. பறவை போட்ட விதை இன்னொரு மரத்தின் கிளை இடுக்கில் முளைக்கும். வேரைக் கீழே இறக்கும். ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுற்றிப் படர்ந்து தன் காலில் நிற்கத் தொடங்கும். உள்ளே இருந்த பழைய மரம் பிறகுதான் போகும். அதுவரை இரண்டும் சேர்ந்தே நிற்கும். உங்கள் மென்பொருளிலும் ஒரு பகுதியைப் புதிதாக எழுதுங்கள், பழையதோடு இணைத்து ஓட விடுங்கள், அது நிலைத்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

எந்தப் பகுதி முதலில் என்று கேட்டால், கொள்முதல் எடை என்பேன். பணம் அங்கேதான் ஒழுகுகிறது, நோட்டும் அங்கேதான் இருக்கிறது. காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இலை குவியும். அப்போது மையத்தில் எதையும் மாற்றாதீர்கள், வரிசையில் நிற்பவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். உறைபனி விழுந்து இலை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் மாற்றுங்கள். இரண்டு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். இரண்டு பட்டுவாடாப் பட்டியலும் ரூபாய் வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் உடனே புதியதைத் திருத்திவிடாதீர்கள். சில சமயம் பழையதுதான் தவறாக இருந்திருக்கும், அதை உரிமையாளரிடம் நீங்களே முன்வந்து சொல்ல வேண்டியிருக்கும். கணக்குப் பகுதியை, புதிய நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1-க்கு முன் தொடாதீர்கள்.

உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பது தனிக் கவலை. நிரல் பழசாகிவிட்டது என்று சொன்னால், ஓடுகிறதே என்பார். அவர் சொல்வது நியாயம். அவரிடம் நிரலைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டு மையங்களின் நோட்டையும் ஒரு வாரத்துக்கு ஒப்பிட்டு, ஈரக் கழிவில் எத்தனை கிலோ வித்தியாசம், அது தூளில் எவ்வளவு, குன்னூர் தேயிலை ஏலத்தில் சென்ற வாரம் அவருக்குக் கிடைத்த விலையில் எத்தனை ரூபாய் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படி எழுதிக் கொடுத்த தாளை அந்த உரிமையாளர் இரண்டு முறை படித்தார், பிறகு மேற்பார்வையாளரை அழைத்து உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார்.

இந்த வாரம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு கொள்முதல் மையத்துக்குப் போங்கள். மடிக்கணினி வேண்டாம். கடைசி மூட்டை வண்டியில் ஏறும்வரை இருங்கள். நோட்டில் எந்தெந்தப் பத்திகள் இருக்கின்றன என்று தலைப்புகளை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். மென்பொருளை எந்த இடத்தில் பிரிப்பது என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.